அப்பாவின் சந்தாப் புத்தகமும் என் உறுப்பினர் பக்கமும்



அண்மைக் காலமாக என்னைக் காணும் நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்ன டீச்சர், உங்கள் பாடங்களுக்கு இனிமேல் காசு கட்ட வேண்டுமாமே?" சிலர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். சிலர் சிரிக்காமல் கேட்கிறார்கள். இரு சாராருக்கும் ஒரே இடத்தில் விடை சொல்லிவிடலாம் என்றெண்ணியே இதனை எழுதுகிறேன்.

ஆம், இணையத்தில் உறுப்பினர் பக்கம் ஒன்றைத் தொடங்கவிருக்கிறேன். அதற்குச் சந்தா உண்டு. இந்த முடிவுக்கு வர எனக்கு ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டில் ஒரு பெரிய தவற்றைச் செய்யவிருந்தேன். அதனையும் மறைக்காமல் சொல்கிறேன். இதே எண்ணத்தோடு இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு உதவக்கூடும்.

ஏழு நிமிடப் பாடம்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் நான்காம் ஆண்டுக்குத் தமிழ்மொழி போதித்துக் கொண்டிருந்தேன். வகுப்பில் 23 மாணவர்கள். நேரலை வகுப்புக்கு முதல் நாள் வந்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே. மற்றவர்கள் வீட்டில் இருந்தது ஒரே திறன்பேசி. அதுவும் காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்பும். அதன் பிறகு அண்ணன், அக்காள், தம்பி என்று முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, பிள்ளைகள் இரவில் பார்த்துக்கொள்ளும்படி சிறு சிறு பாடங்களைப் பதிவுசெய்து புலனத்தில் அனுப்பலானேன். சமையலறை மேசையில் அரிசி டின்னின்மீது திறன்பேசியைச் சாய்த்து வைத்து, வெண்பலகைக்குப் பதிலாகப் பழைய நாள்காட்டியின் பின்புறத்தில் எழுதிக் காட்டுவேன். ஒரு பாடம் ஏழு நிமிடத்தைத் தாண்டாது. இந்த அளவை எந்த நூலிலிருந்தும் நான் எடுக்கவில்லை. "டீச்சர், அதுக்கு மேலே போனா எங்க டேட்டா முடிஞ்சிடுது" என்று ஒரு தாய் சொன்னார். அவர் வைத்த அளவே இன்றுவரை நிற்கிறது.

பிறகு அப்பாடங்களை வலையொளியிலும் ஏற்றினேன். வலிமிகும் இடங்கள், இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர், வாக்கியம் அமைத்தல் என்று நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட பாடங்கள் சேர்ந்துவிட்டன. கூடவே பயிற்றிகளும் பெருகின. எல்லாம் இலவசம். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையே பின்னாளில் என் கண்ணை மறைத்தது.

"அருமை" என்று எழுதிய இரவு

பாடம் பார்த்த பிள்ளைகள் கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். பெற்றோர்கள் அவற்றைப் படம்பிடித்து எனக்கு அனுப்பினார்கள். "டீச்சர், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டால் மறுக்க மனம் வருமா? ஜொகூரிலிருந்து வந்தது, சிலாங்கூரிலிருந்து வந்தது, சிங்கப்பூரிலிருந்தும் வந்தது. தேசியப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரே அவர்களுள் மிகுதி. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியொன்றில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்குத் தமிழ் வகுப்பு நடத்த வழியுண்டு. பள்ளியில் நான்கு தமிழ்ப் பிள்ளைகளே இருந்தால் என்ன செய்வது? அந்த நான்கு பேரின் கட்டுரைகள்தாம் என் திறன்பேசிக்கு வந்தன.

ஓர் இரவு எண்ணிப் பார்த்தேன். 31 கட்டுரைகள். மறுநாள் பள்ளியில் எனக்கு ஆறு பாடவேளைகள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வரிசையாகத் திறந்தேன். இறுதியில் வந்த பத்துப் பன்னிரண்டு கட்டுரைகளை நான் படிக்கவில்லை. கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, "அருமை! தொடர்ந்து எழுதுக" என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் ஒரு தாய் பதில் எழுதியிருந்தார். அவர் மகன் 'என்னால் மறக்க முடியாத நாள்' என்னும் தலைப்பில், தன் பாட்டி இறந்த நாளைப் பற்றி எழுதியிருக்கிறான். என் சிரிக்கும் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர் படிக்கவே இல்லையாம்மா?" என்று கேட்டானாம். அந்தத் தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்களுக்கு வேலை அதிகம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன் டீச்சர்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்தப் பையனைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் கட்டுரையை அவனிடமே படித்துக் காட்டச் சொன்னேன். நல்ல கட்டுரை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை யாரும் திறக்க விடாமல் தான் பிடித்துக்கொண்டு நின்றதை எழுதியிருந்தான். "பெட்டி" என்பதில் ஓர் ஒற்றை விட்டுவிட்டிருந்தான். அதைத் திருத்தவும் எனக்கு நா எழவில்லை.

இலவசமாகக் கொடுப்பதனால் மட்டும் ஒன்று நற்பணி ஆகிவிடாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு என்னால் உண்மையாகத் திருத்தித் தர முடியும்? அந்த எண்ணுக்கு ஒரு வரம்பு வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு மதிப்பும் வேண்டும். உறுப்பினர் பக்கம் என்னும் எண்ணம் அங்கே பிறந்தது.

இன்னொன்றும் நடந்தது. ஒரு பெற்றோர் எனக்குப் படம் ஒன்று அனுப்பினார். என் பயிற்றிகளைப் படியெடுத்து, சுருள்கம்பியிட்டு நூலாக்கி, ஒரு டியூஷன் நிலையத்தில் 18 வெள்ளிக்கு விற்றிருக்கிறார்கள். என் பெயர் இருந்த அடிவரியை மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் கவனமாக வெட்டியிருந்தார்கள். ஆனால் நான் தவறுதலாக விட்டிருந்த ஒற்றுப்பிழை அப்படியே இருந்தது! சினத்தைவிடச் சிரிப்பே வந்தது.

முதலில் செய்ய வேண்டியவை

பணம் என்று வந்துவிட்டால் நாம் அரசாங்க ஊழியர் என்பதை மறக்கலாகாது. 1993ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் (நடத்தை, கட்டொழுங்கு) விதிமுறைகளில் 5ஆவது விதி, துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெளிவேலை செய்யக்கூடாது என்கிறது. அனுமதி கிடைத்தாலும் அலுவல் நேரத்தில் செய்யலாகாது. பள்ளிக் கடமைக்குக் குந்தகம் வரலாகாது. பதவிக்கும் அவ்வேலைக்கும் நலன் முரண்பாடு இருக்கலாகாது. ஆகவே முதலில் விண்ணப்பம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு வெள்ளிகூட வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். வரும் வருமானத்தை ஆண்டுதோறும் வருமான வரிப் பாரத்தில் காட்ட வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்து, எந்தத் தளத்தில் தொடங்குவது? வலையொளியிலேயே 'சேர்க' என்னும் பொத்தானை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அது முடியாது என்று தெரிந்தது. பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டிய வழக்கில், கூகள், யூடியூப் நிறுவனங்கள் 170 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்த 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் இணங்கின. அதன் விளைவாக 2020ஆம் ஆண்டு சனவரி முதல், சிறுவர்க்கானவை எனக் குறிக்கப்பட்ட காணொலிகளில் பின்னூட்டமும் தனிநபர் சார்ந்த விளம்பரமும் நிறுத்தப்பட்டன. சிறுவர்க்கான அலைவரிசைக்குக் கட்டண உறுப்பியமும் கிடையாது. பெற்றோர் என்ற முறையில் எனக்கு இது நல்ல விதியாகவே தோன்றுகிறது. பொத்தானை அழுத்துவது பத்து வயதுப் பிள்ளையாக இருந்துவிடக் கூடாதல்லவா?

2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பேட்ரியான் போன்ற தளங்களையும் பார்த்தேன். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் புதிதாகச் சேர்பவர்களிடம் அத்தளம் வருமானத்தில் 10 விழுக்காடு பெறுகிறது. பணம் செலுத்தும் முறைக்கான கட்டணம் தனி. அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி விழுக்காடாகவும், ஒரு பகுதி ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று நிலையான தொகையாகவும் இருக்கிறது. சந்தா சிறிதாக இருந்தால் அந்த நிலையான தொகையே பெரும்பங்கை விழுங்கிவிடும். நம் பெற்றோரிடம் பெருந்தொகை கேட்க முடியாது. எனவே டுயிட்நவ் வழியாக வங்கிக் கணக்கில் பெறுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெறுவது என்று முடிவு செய்தேன். கணக்கை நானே எழுத வேண்டும். எழுதலாம், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

மூன்றாவது, பதிப்புரிமை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் எழுத்தாளரின் படைப்புக்கு அவர் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. திருக்குறளுக்கும் ஆத்திசூடிக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பாடநூல் பகுதிகளையும், பிறர் எழுதிய சிறுகதைகளையும் நான் என் பதிவுகளில் வாசித்திருந்தேன். பின்னணியில் திரைப்பாடல் இசையும் இருந்தது. அடுத்தவர் என் பெயரை வெட்டினார் என்று சிரித்த நானும் சுத்தமாக இல்லை! அத்தகைய 14 பதிவுகளை நீக்கிவிட்டு, நானே பனுவல் எழுதி மீண்டும் பதிவு செய்தேன்.

நான்காவது, பிள்ளைகளின் விவரம். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிக நடவடிக்கைகளுக்கு உரியது. காசு வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து நானும் அதன்கீழ் வந்துவிடுவேன். ஆகவே கட்டுரைத் தாளில் பெயர் வேண்டாம், பள்ளி வேண்டாம், எண் மட்டும் போதும் என்று வைத்திருக்கிறேன்.

நான் செய்யவிருந்த தவறு

இவ்வளவும் முறையாகச் செய்த நான், முக்கியமான ஒன்றில் தடம் புரண்டேன். கட்டணப் பட்டியலை எழுதும்போது வெளிநாட்டுக் காணொலிப் படைப்பாளர்கள் செய்வதைப் பார்த்து நானும் மூன்று படிகள் அமைத்தேன். நம் பள்ளி வகுப்புகளைப் போலப் பூப்பெயர்களும் சூட்டினேன். முல்லைக்குப் 10 வெள்ளி, மல்லிகைக்கு 20 வெள்ளி, தாமரைக்கு 35 வெள்ளி. முல்லையில் பழைய பாடங்கள் அனைத்தும். மல்லிகையில் பயிற்றிகளும். தாமரையில் கட்டுரைத் திருத்தமும். அதாவது, இதுவரை எல்லாரும் பார்த்துவந்த நூற்று அறுபது பாடங்களையும் பூட்டி, சாவியைப் 10 வெள்ளிக்கு விற்கத் திட்டமிட்டேன்.

வரைவை இரண்டு தோழியரிடம் மட்டும் காட்டினேன். செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. ஒரு வாரம் கழித்துப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தார். அவர் மகள் அப்போது எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அவர் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துச் சீருடையோடு வந்திருந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. காசு கட்டலேன்னா பிள்ளைக்குப் பாடம் இல்லைன்னு சொல்றாங்க. நான் பத்து வெள்ளி கட்டிடுவேன் டீச்சர். ஆனா கட்ட முடியாதவங்க பிள்ளை வகுப்புல இருந்தா, அதுக்கு வித்தியாசம் தெரியுமே?"

எனக்கு மறுமொழி வரவில்லை. என்னிடம் வகுப்பில் பயிலும் பிள்ளை, என் பாடத்தைக் காசு கொடுத்து மாலையில் வாங்க வேண்டும். அவள் பெற்றோர் மறுத்தால் டீச்சர் முகம் சுளிப்பாரோ என்று அஞ்சுவார்கள். விதிமுறையில் 'நலன் முரண்பாடு' என்று படித்துத் தலையாட்டினேனே, அது இதுதான்! தாளில் படித்தபோது புரியாதது, அந்தத் தாயின் களைத்த முகத்தைப் பார்த்தபோது புரிந்தது.

அன்று மாலையே பட்டியலைக் கிழித்துப் போட்டேன். முல்லை, மல்லிகை, தாமரை மூன்றும் குப்பைத் தொட்டிக்குப் போயின.

அப்பாவின் புத்தகம்

பிறகு பல நாள் அதைத் தொடவே இல்லை. தமிழைக் காசாக்கப் பார்த்தேனோ என்ற உறுத்தல். அந்த வேளையில்தான், பழைய பெட்டியைத் துப்புரவு செய்யும்போது அப்பாவின் சந்தாப் புத்தகம் கையில் கிடைத்தது.

அப்பா சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம். தோட்டம் கைமாறினால் தொழிலாளிக்கு வேலையும் போகும், வீடும் போகும். அதைத் தடுக்க 1960ஆம் ஆண்டில் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பங்கு ஒன்று 100 வெள்ளி. தோட்டத் தொழிலாளி ஒரே தடவையில் 100 வெள்ளிக்கு எங்கே போவான்? மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது.

அப்பாவின் புத்தகத்தில் மாதம் 10 வெள்ளியென வரிசையாகப் பதிந்திருக்கிறது. இரண்டு மாதங்கள் விட்டுப் போயிருக்கின்றன. அந்த இரண்டு மாதமும் மழைக்காலம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, கூலியும் இல்லை. ஆனால் அதன் பிறகு விட்டதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அப்பா வாழ்ந்த தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. அதுபற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. "நம்ம ஆளுங்க எங்கேயாவது வெளியே போகாம இருக்காங்கல்ல, அது போதும்" என்பார்.

அதற்கும் முன்னால், 1950களில், கோ. சாரங்கபாணி அவர்களின் 'தமிழ் முரசு' "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியது. சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கு ஆளுக்கு ஒரு வெள்ளி. அந்த நூலகத்தின் வாசலையே பார்த்திராத பாட்டாளிகள் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். கட்டணம் என்பது நான் பெறும் பொருளுக்கு நான் கொடுக்கும் விலை. சந்தா என்பது ஒரு காரியம் நின்றுபோகாமல் நடப்பதற்குப் பலர் சேர்ந்து கொடுக்கும் பங்கு. கொடுத்தவனுக்கும் பயன் உண்டு. கொடுக்க முடியாதவனுக்கும் பயன் உண்டு. நான் எழுதிக் கிழித்தது கட்டணப் பட்டியல். எழுத வேண்டியது சந்தாப் பட்டியல்.

புதிய கணக்கு

மறுபடி உட்கார்ந்தேன். முதலில் நேரம். ஒரு கட்டுரையைப் படித்து, பிழை திருத்தி, இரண்டு வரி ஆலோசனை எழுத எனக்கு 12 நிமிடம் ஆகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டு கட்டுரை என்றால் 24 நிமிடம். முதலில் நான் நினைத்திருந்தது 60 பிள்ளைகள். அதற்கு மாதம் 24 மணி நேரம் வேண்டும். மீண்டும் படிக்காமல் "அருமை" என்று எழுதும் இடத்துக்கே போயிருப்பேன்! எங்கள் கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அவ்விரு நாள்களில் குடும்பத்துக்குக் குறை வைக்காமல் மாதம் 10 மணி நேரம் ஒதுக்கலாம். அப்படியானால் 25 பிள்ளைகள். அதற்கு மேல் ஒருவரும் இல்லை.

அந்த 25 இடங்களில் 20 இடங்களுக்குச் சந்தா மாதம் 15 வெள்ளி. மூன்று மாதத்துக்கு 45 வெள்ளி. ஐந்து இடங்கள் சந்தாவின்றி. நான்கு பேர் கட்டினால் ஒரு பிள்ளை கட்டாமல் படிக்கிறது. 20 பேர் கட்டினால் மாதம் 300 வெள்ளி. இணையம், அச்சு, அஞ்சல், கருவிகளின் தேய்மானம் எல்லாம் 145 வெள்ளி. மீதி 155 வெள்ளி. 10 மணி நேர உழைப்புக்கு மணிக்குப் பதினைந்தரை வெள்ளி. இதில் யாரும் பணக்காரராக முடியாது. ஆனால் மடிக்கணினி பழுதானால் வீட்டுச் செலவிலிருந்து எடுக்க வேண்டியிராது. நான் சோர்ந்து நிறுத்திவிடவும் வேண்டியிராது.

இனி என் முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பாடங்களும் பயிற்றிகளும் முன்போலவே எல்லாருக்கும் இலவசம். எதற்கும் பூட்டு இல்லை.
2. சந்தா, கட்டுரைத் திருத்தத்திற்கு மட்டுமே.
3. என் பள்ளி மாணவர்கள் இதில் சேர முடியாது. அவர்களின் கட்டுரையைத் திருத்துவதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.
4. சேர்பவர் பெற்றோரே, பிள்ளையின் பெயரில் பதிவு இல்லை.
5. வாக்களித்த வாரத்தில் கட்டுரை திரும்பாவிட்டால் அம்மாதச் சந்தா திருப்பித் தரப்படும்.
6. ஐந்து இலவச இடங்களில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்கும் அந்தப் பெற்றோருக்கும் மட்டுமே தெரியும்.

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. வரும் தவணையின் முதல் வெள்ளிக்கிழமை தொடங்குகிறேன். பற்றுச்சீட்டுப் புத்தகமும் அச்சடித்துவிட்டேன். கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே வகைச் சீட்டு, வரிசை எண்ணோடு. அதில் தொகை இராது. "உறுப்பினர்" என்று மட்டும் இருக்கும்.

முதல் சீட்டு யாருக்கு என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். வெற்றிலைப் பெட்டியைக் காத்து நின்ற அந்தப் பையன் இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். அவன் தங்கை இவ்வாண்டு நான்காம் ஆண்டு. அவன் தாயிடம் இலவச இடம் தருவதாகச் சொன்னேன். "வேண்டாம் டீச்சர், நாங்கள் கட்டுகிறோம். அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள்" என்றார்.

அப்பா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை